பதினொன்று எண்ணினால் வரும் அலை

ஆட்களைத் தோற்கடிப்பதுதான் என் தொழில். கைப்பேசியில் ஆடும் வீடியோ கேம்களுக்கு லெவல் அமைத்துக் கொடுக்கிறேன். பள்ளம் எங்கே வர வேண்டும், எதிரி எத்தனை நொடிக்கு ஒருமுறை சுட வேண்டும், ஆடுகிறவர் ஒரு இடத்தை எத்தனையாவது தடவையில் தாண்ட வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்கிற வேலை. கம்பெனி பெங்களூரில் இருக்கிறது. நான் கடலூரில், மஞ்சக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டு மாடியில் இருக்கிறேன். "கேம் ஆடுறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?" என்று யாராவது கேட்காத கல்யாண வீடே எனக்கு வாய்த்ததில்லை. முன்பெல்லாம் உட்கார்ந்து விளக்கிப் பார்த்தேன். இப்போது "ஆமாங்க, அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறேன்.

ஒரு கேம் ரொம்பச் சுலபமாக இருந்தால் பத்து நிமிடத்தில் சலித்துப்போகும். ரொம்பக் கஷ்டமாக இருந்தால் ஐந்து நிமிடத்திலேயே எரிச்சல் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். தோற்றவர் வாயிலிருந்து "சே, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று வர வேண்டும். அப்படி வந்தால் மறுபடி ஆடுவார். "இது ஏமாத்துது" என்று வந்துவிட்டால் அந்த ஆளை இழந்துவிட்டோம் என்று அர்த்தம். சட்டம் எவ்வளவு கடுமையாகவும் இருக்கலாம், ஆனால் நேற்று இருந்த சட்டம் இன்றைக்கும் இருக்க வேண்டும். வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை நான் வகுப்பாகவே எடுத்திருக்கிறேன். அப்படி வகுப்பெடுத்தவன் என் அக்காவுக்குச் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்கா என்னைவிட ஐந்து வயது பெரியவள். கடலூர் முதுநகரில் எங்கள் தெரு நிறையப் பிள்ளைகள். ஓடிப்பிடிக்கிற ஆட்டங்களில் என்னைப் போன்ற பொடியன்களை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஆட்டத்தில் ஓடலாம், கத்தலாம், ஆனால் யாரும் நம்மைத் தொட்டு அவுட்டாக்க மாட்டார்கள், நாம் தொட்டாலும் யாரும் அவுட் இல்லை. அழக் கூடாது என்பதற்காகச் செய்கிற ஏற்பாடு. எனக்கு முதல் வாரம் அது சொர்க்கமாக இருந்தது. உலகத்திலேயே நான் ஒருவன்தான் அவுட்டாகாதவன். இரண்டாவது வாரம் புரிந்துவிட்டது. என்னைத் துரத்த யாருமே வரவில்லை. நான் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் போய் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா சமாதானம் செய்தாள். மறுநாள் சாயங்காலம் ஆட்டம் தொடங்கும்போது அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னாள். "இன்னையிலேர்ந்து இவன் ஆட்டத்துல சேந்தவன். புடிச்சா அவுட்டுதான்." முதல் ஆளாக என்னை அவுட்டாக்கியதும் அவள்தான். முதுகில் பளீரென்று ஒரு தட்டு. கரன்ட் கம்பத்தடியில் போய் நின்றுகொண்டு, அவுட்டானவர்களோடு சேர்ந்து நானும் கத்தினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் எதிலும் தோற்றதில்லை.

பிறகு அப்பா புதுச்சேரியிலிருந்து டிவியில் மாட்டி ஆடுகிற வீடியோ கேம் செட் வாங்கிவந்தார். மஞ்சள் கேசட், ஒயர் வைத்த இரண்டு ஜாய்ஸ்டிக். கேசட் ஓடவில்லை என்றால் கழற்றி வாயால் ஊதி மறுபடி சொருகுவோம். கார் பந்தயத்தில் அக்காவை யாராலும் ஜெயிக்க முடியாது. தம்பியாயிற்றே என்று ஒரு வளைவில்கூட அவள் வேகத்தைக் குறைத்ததில்லை. நான் மூக்கைச் சிந்திக்கொண்டே ஆடினாலும் அடுத்த பந்தயத்திலும் தோற்கடிப்பாள். ஒருமுறை, எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், கடைசி வளைவில் அவளை முந்திவிட்டேன். ஒரு நிமிடம் டிவியையே பார்த்தாள். பிறகு ஜாய்ஸ்டிக்கைப் போட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். "அம்மா! இவன் என்ன ஜெயிச்சிட்டாம்மா!" தானே ஜெயித்த மாதிரி ஒரு கத்தல். அந்தக் குரலை நான் இப்போதும் கேட்க முடியும். இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே அந்தக் குரலால்தான் என்று சொன்னால் அது மிகையில்லை.

அக்கா கணக்கு டீச்சரானாள். சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை, தெற்கு வீதிக்குப் பின்னால் வீடு. மாமா திட்டக்குடிப் பக்கத்துக்காரர், சிதம்பரத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவளால் எடுக்க முடியவில்லை. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் தப்பித்தாள். மூன்று மாதத்தில் நடந்தாள், பேச்சும் திரும்பியது. வலது கை மட்டும் சொன்னதை ஒரு கணம் தாமதமாகக் கேட்டது.

அதற்குப் பிறகு எல்லோரும் அவளுக்கு எல்லாவற்றையும் சுலபமாக்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பை எடுத்துவிட்டு நூலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மாமா அரிவாள்மணையைப் பரண்மேல் தூக்கிவைத்துவிட்டார். மாணவிகள் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டார்கள். மகள் போனில் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "எல்லாரும் எங்கிட்ட மெதுவா பேசுறாங்கடா. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

விரல்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று பிசியோதெரபிக்காரர் சொல்லியிருந்தார். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னதை அவள் இரண்டே நாளில் தூக்கிப்போட்டுவிட்டாள். நான் அவளுக்காக ஒரு கேம் செய்தேன். கம்பெனிக்கெல்லாம் இல்லை, அவள் ஒருத்திக்கு. முதுநகர் முகத்துவாரத்திலிருந்து ஒரு ஃபைபர் போட்டைக் கடலுக்குள் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். இடது கட்டைவிரலால் திருப்ப வேண்டும், வலது கட்டைவிரலால் வேகம் கொடுக்க வேண்டும். சின்ன அலைகள் சும்மா வந்துகொண்டிருக்கும். பெரிய அலை எப்போது வரும் என்று தெரிந்து, அது உடைந்து முடிந்த கையோடு வேகத்தைக் கொடுத்துத் தாண்டிவிட வேண்டும். தாமதித்தால் போட் கவிழும். மொத்தம் பத்து லெவல். பத்தாவது, ஐப்பசி மாதத்துக் கடல்.

"ஒனக்குக் கொஞ்சம் சுலபமா வச்சுத் தரட்டுமாக்கா?" என்று முதலிலேயே கேட்டேன்.

"ஆட்டத்துல சேத்துக்கிறதுன்னா ஒழுங்கா சேத்துக்கோ. இல்லன்னா போயி ஒன் வேலையப் பாரு" என்றாள்.

தினமும் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட உட்காருவாள். அவள் ஆடுவதெல்லாம் கடலூரில் என் லேப்டாப்பில் வரிவரியாக வந்து விழும். எத்தனை முறை ஆடினாள், எந்த இடத்தில் கவிழ்ந்தாள் எல்லாம் தெரியும். ஒரு லெவல் தாண்டினால் உடனே போன் வரும். ஐந்தாவது தாண்டியபோது "பாத்தியா?" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வலது விரலின் தாமதம் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்ததை நான் எண்ணாகவே பார்த்தேன். என் வேலையால் ஒரு மனுஷிக்கு நல்லது நடக்கிறது என்று எனக்குள் கர்வம் ஏறியது. அந்தக் கர்வமும் இதில் ஒரு காரணம்தான்.

பத்தாவது லெவலில் சிக்கிக்கொண்டாள். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். தினமும் கவிழ்ந்தாள். ஒருநாள் காலையில் மாமா கடையிலிருந்து போன் செய்தார்.

"மச்சான், ஒங்க அக்கா இன்னைக்குப் போனத் தூக்கிக் கட்டில்ல வீசிட்டா. மொகம் கொடுத்துப் பேச மாட்டேங்குறா. ரொம்ப ஜாஸ்தியா கஷ்டமா வச்சிட்டீங்களோ?"

எனக்குப் பயமாகிவிட்டது. ரப்பர் பந்து மாதிரி இதையும் விட்டுவிடுவாள், விரல் பழையபடி ஆகிவிடும் என்று என்னென்னவோ தோன்றியது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒருவர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தோற்றால், அவருக்குத் தெரியாமல் அந்த இடத்தைக் கொஞ்சம் தளர்த்திவிடுவோம். அவர் தன் திறமையால் ஜெயித்ததாக நினைத்துக்கொள்வார். பெரும்பாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஒரு பெரிய அலைக்கும் அடுத்த பெரிய அலைக்கும் நடுவில் பதினொரு நொடி வைத்திருந்தேன். அதைப் பதினான்கு ஆக்கினேன். ஒரே ஒரு எண். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. "டேய்! தாண்டிட்டேன்டா! ஐப்பசிக் கடலத் தாண்டிட்டேன்!" பின்னால் மாமாவின் சிரிப்புச் சத்தம். அக்கா அழுதாளோ சிரித்தாளோ, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு நான் மீன் வாங்கிக் குழம்பு வைத்து நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். குற்ற உணர்ச்சி துளிகூட இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை.

கணக்கு டீச்சரோடு ஆடுகிறோம் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். அவள் அலைகளைப் பார்த்து ஆடவில்லை, எண்ணி ஆடிக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணி, எந்த லெவலில் எத்தனையாவது எண்ணில் பெரிய அலை வருகிறது என்று ஒரு கட்டம் போட்ட நோட்டில் எழுதிவைத்திருந்தாள். பத்தாவது லெவலுக்கு நேராகப் பதினொன்று. ஜெயித்த மகிழ்ச்சியில், மாமாவுக்கு ஆடிக் காட்ட மறுபடி உட்கார்ந்திருக்கிறாள். பதினொன்று எண்ணினாள், அலை வரவில்லை. மறுபடி எண்ணினாள். பதினான்கில்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"ஏன்டா, அந்தப் பத்தாவதுல நீ எதாச்சும் மாத்துனியா?"

"இல்லியேக்கா. அப்படியேதான் இருக்கு."

"நெசமாவா?"

"ஆமாக்கா. ஏன் கேக்குற?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டாள். ஏன் பொய் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவள் ஜெயித்ததைப் பறிக்கக் கூடாது என்று நினைத்தேன் என்பேன். அது பாதிதான் உண்மை. மாட்டிக்கொண்ட கூச்சம் மீதி.

வியாழக்கிழமை காலையில் மாமா கூப்பிட்டார். "மச்சான், அக்காவ டாக்டர் கிட்ட கூட்டிட்டு வந்திருக்கேன். பயப்புடாதீங்க, நல்லாத்தான் இருக்கா. ஆனா ரெண்டு நாளா தூங்கல. எண்ணு தப்பிப் போவுது, மறுபடியும் தலையில எதுவோ ஆயிடுச்சுங்குறா. செவுத்துக் கடியாரத்தப் பாத்துப் பாத்து எண்ணிக்கிட்டே இருக்கா. என்னயும் கூட எண்ணச் சொல்றா."

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விட்டது. அவள் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறாள். நான் இல்லை என்றேன். தம்பி சொன்னதை நம்பினாள். அப்படியானால் தப்பு தன் தலையில்தான் என்று முடிவு செய்திருக்கிறாள். என் பொய்யை நம்பியதற்கு அவளுக்குக் கிடைத்தது இரண்டு நாள் மரணபயம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த நோட்டு. மாமா மருந்துச் சீட்டோடு நின்றார். ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போதும் அவள் முகம் தெளியவில்லை. "ஸ்கேன்ல தெரியாமக்கூட இருக்கும்டா" என்றாள். நோட்டைத் திறந்து காட்டினாள். பென்சிலால் பதினொன்று, பதினொன்று, பதினொன்று என்று ஒரு பக்கம் முழுக்க. அடுத்த பக்கத்தில் பதினான்கு, ஒரு கேள்விக்குறி. பதினான்கு, கேள்விக்குறி. எழுத்து கோணல்மாணலாக இருந்தது, ஆனால் எண்கள் எல்லாம் சரி. என் அக்கா எண்ணினதில் ஒரு நொடிகூடத் தப்பில்லை.

"ஒன் தலையில ஒண்ணுமில்லக்கா. நான்தான் மாத்துனேன்" என்றேன்.

மாமா "ஐயோ மச்சான்" என்றார். அவள் நோட்டை மூடினாள். இடது கையால் வலது கையைப் பிடித்து மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றாள். "பசங்களுக்குத் தெரியும், ஸ்கூல்ல தெரியும், பூக்காரிக்குக்கூடத் தெரியும். அந்த ஆட்டம் ஒண்ணுக்குத்தான் எனக்கு ஒடம்பு சரியில்லன்னு தெரியாம இருந்துச்சு. அதுங்கிட்டயும் சொல்லிட்டியாடா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். மாமா எங்கள் இரண்டு பேருக்கும் டீ வாங்கிவந்தார், இரண்டும் அப்படியே ஆறிப்போயின.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த எண்ணைப் பழையபடி பதினொன்று ஆக்கினேன். பிறகு, அதுவரை ஒழுங்காகப் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். நான் மாற்றுவதற்கு முந்தின சில நாட்களில் அவள் ஆடிய வரிகள். கவிழ்கிற இடம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் பக்கம் நகர்ந்திருந்தது. போனைக் கட்டிலில் வீசிய அன்று, தாண்டுவதற்கு ஒரு போட் நீளம்தான் பாக்கி. அவ்வளவு கிட்டே வந்து தவறவிட்டவளுக்குக் கோபம் வராமல் என்ன வரும்? ஆட்டம் பிடித்தவருக்குத்தான் அந்தக் கோபம் வரும், வகுப்பில் நானே அப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன். இன்னும் நாலு நாள் சும்மா இருந்திருந்தால் அவளே தாண்டியிருப்பாள். அது அவளுடைய கடலாக இருந்திருக்கும்.

பழையபடி ஆக்கிவிட்டேன், ஆடிப் பார் என்று சொன்னேன். "சரிடா, பாக்கறேன்" என்றாள். என் லேப்டாப்பில் அதற்குப் பிறகு ஒரு வரிகூட வரவில்லை. விரலுக்கு மறுபடி ரப்பர் பந்தை அமுக்குகிறாளாம், மாமா சொன்னார். பந்து யாரையும் ஏமாற்றாது.

நாலு மாதம் கழித்து ஒரு யோசனை வந்தது. நாங்கள் சின்ன வயதில் ஆடிய மாதிரியே மஞ்சள் கேசட் போடுகிற செட் இப்போது மறுபடி விற்கிறார்கள். ஒன்று வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை சிதம்பரம் போனேன். இதில் நான் தொடுவதற்கு எந்த எண்ணும் கிடையாது, ஒயர் வைத்த ஜாய்ஸ்டிக் மட்டும்தான். பெட்டியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேசட்டை எடுத்துத் தானாகவே ஒருமுறை ஊதினாள். அதே கார் பந்தயம். பக்கத்தில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தோம்.

நான் தயவு தாட்சண்யம் இல்லாமல் ஆடினேன். அப்படித்தான் ஆட வேண்டும் என்று பஸ்ஸிலேயே சபதம் எடுத்திருந்தேன். முதல் நாலு பந்தயம் நான் ஜெயித்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினாள். ஐந்தாவதில் நான் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, கடைசி வளைவில் அவள் உள்பக்கமாக நுழைந்தாள். அப்படி ஒரு சந்து அங்கே இருப்பதே எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. நான் பிரேக்கை விட்டு முழு வேகம் கொடுத்தும் பிடிக்க முடியவில்லை. கோட்டைத் தாண்டும்போது அவள் கார் என் காருக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. அந்த வலது விரல் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை.

"அக்கா!" என்று கத்திவிட்டேன். "மாமா, இங்க வாங்க, அக்கா என்ன ஜெயிச்சிட்டா!"

மாமா ஓடிவந்து கதவருகில் நின்றார். அக்கா டிவியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு நொடி அந்தப் பழைய வெளிச்சம் வந்தது. வந்ததை நான் பார்த்தேன். பிறகு ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்தாள்.

"நெசமாத்தான் ஆடுனியா?"

"சத்தியமாக்கா. அம்மா மேல சத்தியமா."

பிறகு என் முதுகில் கையை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக, மெதுவாகச் சொன்னாள்.

"சரிடா. நம்புறேன்டா."

எல்லோரும் அவளிடம் பேசுகிற அதே மாதிரி.